கொழும்பில இருந்துகொண்டு ஊர்க் காணித் திட்டத்துக்கு கருத்து குடுக்கிறது எப்படி

போன வருஷம் ஒரு ராத்திரி சின்னம்மா ஊர்ல இருந்து கோல் எடுத்தா. "தம்பி, எங்கட ஒழுங்கையை ரோட்டா அகலிக்கப் போகினமாம், தரவையில ஏதோ கட்டப் போகினமாம், பிரதேச சபையில மேப் ஒட்டிக் கிடக்குதாம், நீ கொழும்பில தானே இருக்கிறாய், போய்க் கேள்" எண்டா. தரவை எண்டா ஊர் மாடுகள் மேயுற பொது வெளி. கொழும்பில இருந்தா எல்லாம் தெரியும் எண்டு ஊர்ல ஒரு நினைப்பு. நான் வெள்ளவத்தையில ஒரு கடைக்கு கணக்கு எழுதுற ஆள், காணி விஷயத்தில உறுதி எண்டா பச்சைக் கடதாசியில இருக்கும் எண்டதுக்கு மேல ஒண்டும் தெரியாது. அதுக்குப் பிறகு ரெண்டு மாசம் நான் அலைஞ்ச அலைச்சல், பிழையா அனுப்பின ரெண்டு லெட்டர், கடைசி நாள் ஓடின ஓட்டம், இதெல்லாம் இன்னொரு ஆள் படக்கூடாது எண்டுதான் இத எழுதுறன். ஊர் பேர் வேணாம், வடக்குப் பக்கம் எண்டு வச்சுக்கொள்ளுங்கோ. ஆனா முறை மலையகத்துக்கும் கிழக்குக்கும் அவிசாவளைப் பக்கத்து ஊர்களுக்கும் ஒண்டுதான்.

ஒண்டை முதலே சொல்லிப் போடுறன். சட்டத்தரணி தேவையில்ல. காணி உங்கட பேரில இருக்கவும் தேவையில்ல. ஊர்ல இப்ப குடியிருக்க வேணும் எண்டும் இல்ல. கருத்துச் சொல்லுறதுக்கு காசும் கட்டத் தேவையில்ல. "நாங்கள் சொல்லி என்ன நடக்கப் போகுது" எண்டு இருந்தவையில பாதிப் பேர் இது தெரியாமத்தான் இருந்தவை.

1. உங்கட கையில இருக்கிறது எந்தத் திட்டம்?

என்ட முதல் பிழை இங்கதான். சின்னம்மா "திட்டம்" எண்டு சொன்னா, நானும் திட்டம் எண்டு நினைச்சு ஒரு ஒபிஸுக்கு லீவு போட்டுப் போனன், அங்க ஒண்டரை மணித்தியாலம் இருத்தி வச்சிட்டு "இது எங்களுக்கு இல்ல" எண்டிச்சினம். அந்த நாள் போச்சு.

பெரும்பாலும் மூண்டில ஒண்டாத்தான் இருக்கும்.

ஒண்டு, நகர அபிவிருத்தி அதிகார சபை செய்யுற அபிவிருத்தித் திட்டம், அதைத்தான் எல்லாரும் யூடிஏ பிளான் எண்டு சொல்லுறது. பேர்ல "நகர" எண்டு இருக்கிறதால எங்கட கிராமத்துக்கு இதுல என்ன எண்டு ஏமாறாதீங்கோ, நான் ஏமாந்தனான். 1978ம் ஆண்டு 41ம் இலக்கச் சட்டத்துக்கு கீழ அமைச்சர் வர்த்தமானியில ஒரு பிரதேச சபைப் பகுதியை நகர அபிவிருத்திப் பிரதேசம் எண்டு பிரகடனம் பண்ணினா, அதுக்குள்ள வயலும் பனையும் மட்டும் இருந்தாலும் அந்தத் திட்டம் அங்கயும் பிடிக்கும். இந்தக் காணி குடியிருப்பு வலயம், இது விவசாய வலயம், இது பேணல் வலயம், இந்த ரோட்டு இவ்வளவு அகலம் எண்டு கலர் கலரா மேப் இருந்தா அது அனேகமா இதுதான்.

ரெண்டாவது, ஒரு குறிப்பிட்ட புரொஜெக்ட். ஹோட்டல், காற்றாலை, பெரிய பண்ணை இப்படி. அப்படிச் சிலதுக்கு சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை எண்டு ஒண்டு வரும், 1980ம் ஆண்டு 47ம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்தின்படி. அதுக்கு கருத்துக் குடுக்க 30 நாள் மட்டும்தான். 

மூண்டாவது, பிரதேச செயலக மட்டத்தில காணிப் பயன்பாட்டுக் கொள்கைத் திட்டமிடல் திணைக்களம் செய்யுற காணிப் பயன்பாட்டுத் திட்டம். இதுக்கு கதைக்க வேண்டிய ஆக்கள் டிஎஸ் ஒபிஸில இருப்பினம்.

எது எண்டு கண்டுபிடிக்க சுகமான வழி, ஊர்ல ஆரையாவது விட்டு ஒட்டியிருக்கிற மேப்பின்ட கீழ்மூலையை வட்ஸ்அப்பில போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கோ. மேப்பின்ட நடுவை எடுக்க வேணாம், சனம் தங்கட வீட்டைத்தான் எடுத்து அனுப்பும். மூலையில தான் எந்தத் திணைக்களம், படம் இலக்கம், திகதி எல்லாம் இருக்கும். அதுவும் சரிவராட்டி 1919க்கு கோல் எடுங்கோ, அரசாங்கத் தகவல் நிலையம், தமிழிலயும் கதைப்பினம்.

இனி நான் சொல்லப்போறது முதலாவதைப் பற்றித்தான், ஏனெண்டா நான் பட்டது அதுல. மற்ற ரெண்டுக்கும் நாள்கணக்கு வேற, லெட்டர் எழுதுற முறை ஒண்டுதான்.

ஒரு விஷயம் இடையில. வன இலாகா கல்லு நட்டது, தொல்பொருள் போர்ட் போட்டது, ஆமி பிடிச்சு வச்சிருக்கிறது, இதெல்லாம் இந்த லெட்டரில தீராது. எங்கட ஊர்லயும் ஒருத்தர் நாலு பக்கம் அதைத்தான் எழுதினவர், நியாயமான கோபம்தான், ஆனா திட்டம் செய்யுற ஆளால அதுல ஒண்டும் செய்ய ஏலாது. அதுக்கு வேற லெட்டர், வேற இடம்.

2. நாளை எண்ணுங்கோ, இண்டைக்கே எண்ணுங்கோ

யூடிஏ திட்ட வரைபை பொதுமக்கள் பார்வைக்கு 60 நாள் வைப்பினம். வர்த்தமானியிலயும் பேப்பர்லயும் அறிவித்தல் வரும், தமிழ் எண்டா தினகரன் மாதிரி பேப்பர்ல தேடுங்கோ, மரண அறிவித்தலுக்கு பக்கத்தில சின்ன எழுத்தில கிடக்கும். நோட்டீஸில என்ன திகதி போட்டிருக்கோ அதுதான் கடைசி, ஊர்ல ஆக்கள் சொல்லுற திகதியை நம்பாதீங்கோ.

60 நாள் எண்டா கனக்க மாதிரித் தெரியும். சனி, ஞாயிறு, போயா எல்லாம் அதுக்குள்ளதான். உதாரணத்துக்கு மார்ச் 7 தொடங்கினா மே முதல் கிழமையில முடிஞ்சிடும். நடுவில பெரிய வெள்ளி, சித்திரை வருஷம், மே தினம். சித்திரை வருஷத்தோட ஒரு கிழமை ஒபிஸ்ல ஆளைப் பிடிக்கிறது கஷ்டம். எங்களுக்கு விஷயம் தெரிய வரேக்கையே 19 நாள் போயிட்டுது, பிறகு நான் பிழையான ஒபிஸுக்கு அலைஞ்சதில இன்னும் 12 நாள், உண்மையா வேலை செய்யக் கிடைச்சது 29 நாள் மட்டும்.

ஆகவே கலண்டர்ல கடைசித் திகதியை வட்டம் போடுறதை விட்டிட்டு அதுக்கு 10 நாள் முன்னால வட்டம் போடுங்கோ. அதுதான் உங்கட கடைசி நாள்.

3. மேப்பை நேர்ல பாருங்கோ

வட்ஸ்அப்பில வாற போட்டோவை வச்சு லெட்டர் எழுத வேணாம். எங்கட தரவை போட்டோவில மண்ணிறமாத் தெரிஞ்சுது, அது விவசாய வலயம் எண்டு நாங்கள் ரெண்டு நாள் நிம்மதியா இருந்தம். நேர்ல பாத்தா அது செம்மஞ்சள், கலப்பு அபிவிருத்தி. போன் கமெரா செய்த வேலை.

கொழும்பில இருக்கிற ஆக்களுக்கு இதுல ஒரு வசதி இருக்கு. யூடிஏ தலைமை ஒபிஸ் பத்தரமுல்லை செத்சிரிபாயவில. வெள்ளவத்தையில இருந்து எண்டா காலி ரோட்டில 100ம் நம்பர் பஸ் எடுத்து கொள்ளுப்பிட்டி போய், அங்கயிருந்து கடுவலை போற 177. ராஜகிரியவில ட்ராபிக் தின்னும், காலமை 7 மணிக்கு முன்னம் வெளிக்கிடுங்கோ. உள்ள போக ஐசி (அடையாள அட்டை) கட்டாயம், ஐசி இல்லாம வந்த ஒரு ஐயா என்ட கண்ணுக்கு முன்னாலேயே திரும்பிப் போனவர், பாவம். போக முதல் போன் எடுத்து, இந்தப் பிரதேசத்தின்ட வரைபு இங்க பாக்கலாமோ அல்லது மாவட்ட ஒபிஸ்லதானோ எண்டு கேட்டிட்டுப் போங்கோ. பிரதேச சபையிலயும் ஒரு பிரதி இருக்கும்.

போகேக்க கொண்டு போறது: ஒரு கொப்பி, பேனை, கூகுள் மேப்பில உங்கட இடத்தை முதலே பின் பண்ணி வச்ச போன், அம்மா அப்பாவின்ட உறுதியில வாற சர்வே பிளான் கொப்பி. அங்க போய் நாலு விஷயம் பாத்து எழுதுங்கோ. உங்கட இடம் எந்த வலயம், வலயத்தின்ட பேர் மேப்பில உள்ளபடி எழுத்துக்கு எழுத்து. பக்கத்தால போற ரோட்டுக்கு உத்தேச அகலம் எவ்வளவு. அந்த வலயத்தில ஆகக் குறைஞ்ச துண்டு அளவு எவ்வளவு. குளம், கேணி, வாய்க்கால் இருந்தா அதுக்கு விட்ட ஒதுக்கு எவ்வளவு.

மூண்டாவதை சனம் கவனிக்கிறதே இல்ல. பொதுவான ஒழுங்குவிதியில ஆகக் குறைஞ்ச துண்டு 150 சதுர மீற்றர், கிட்டத்தட்ட 6 பேர்ச். ஆனா வலயத்துக்கு வலயம் இதைக் கூட்டலாம். அப்படிக் கூட்டினா, மூண்டு பிள்ளையளுக்கு பிரிச்சுக் குடுக்க வச்சிருக்கிற காணியை பிறகு பிரிக்க ஏலாமப் போகும். ரோட்டு அகலிக்கிறதால மதில் போறதைப் பற்றி எல்லாரும் கத்துவினம், சீதனக் காணி பிரிக்க ஏலாமப் போறது பத்து வருஷம் கழிச்சு நொத்தாரிசு மேசையில தான் தெரிய வரும்.

மேப்பை போட்டோ எடுக்கலாமோ எண்டு கேட்டிட்டு எடுங்கோ. எனக்கு விட்டவை.

4. டொக்கியுமெண்ட்ஸ்

இதுல சனம் ரெண்டு விதம். ஒரு பகுதி ஒண்டுமே வைக்காது, மற்றப் பகுதி வீட்டில இருக்கிற எல்லாக் கடதாசியையும் பைண்ட் பண்ணி அனுப்பும். ரெண்டும் வேலைக்கு உதவாது.

தேவைப்படுறது:

ஐசி கொப்பி. 

அந்த ஊரோட உங்களுக்கு என்ன தொடர்பு எண்டு காட்டுற ஒரே ஒரு கடதாசி. உறுதியின்ட முதல் பக்கம், அல்லது எல்டிஓ பெர்மிட் (அரச காணிக்கு குடுக்கிற அனுமதிப் பத்திரம்), அல்லது சோலை வரி ரசீது, அல்லது ஜீஎஸ் (கிராம சேவகர்) குடுத்த வதிவிடக் கடிதம். உறுதி முழுக்க அனுப்பாதீங்கோ, இது காணி வழக்கு இல்ல. ஒறிஜினலை ஒரு நாளும் ஆருக்கும் குடுக்காதீங்கோ, "பாத்திட்டுத் தாறம்" எண்டு சொன்னாலும். 

காணிக்காரர் கனடாவிலயோ லண்டனிலயோ இருந்தா, அற்றோணித் தத்துவம் எடுக்க வேணும் எண்டு சொல்லி காசு கேக்கிற ஆக்கள் வருவினம். கருத்துச் சொல்ல அது தேவையில்ல. அவையளே ஈமெயில்ல லெட்டர் அனுப்பலாம், அல்லது ஊர்க்காரனா நீங்கள் உங்கட பேரில எழுதலாம்.

சர்வே பிளான் கொப்பி, உங்கட துண்டை பேனையால வட்டம் போட்டு. பிளான் துலைஞ்சு போச்சு, அல்லது பொதுக்காணியைப் பற்றி எழுதுறீங்கள் எண்டா, நாரஹேன்பிட்டி கிருள ரோட்டில இருக்கிற நில அளவைத் திணைக்களத்தில மேப் விக்கிற பகுதி இருக்கு, கிராமப் படம் கேட்டுப் பாக்கலாம். ஊர்ல இருந்து இதுக்காக ஆள் வரத் தேவையில்ல, கொழும்பில இருக்கிற நீங்கள்தான் இதை எடுத்துக் குடுக்க வேண்டிய ஆள்.

வயல் சம்பந்தப்பட்டதெண்டா கமநல சேவை நிலையத்தில காணி பதிஞ்சிருக்கிற பக்கத்தின்ட கொப்பி. வயலை வயல் இல்ல எண்டு மேப் சொன்னா இதைவிட பெரிய பதில் இல்ல. 

கடைசியா, இடம் எப்படிப் பாவிக்கப்படுது எண்டு காட்டுற ஏதாவது. இதுலதான் நாங்கள் தப்பினம். தரவை பொதுக்காணி, எங்களிட்ட உறுதியும் இல்ல ஒண்டும் இல்ல. நான் கொழும்பில இருந்து போட்டோ எடு, வீடியோ எடு எண்டு நச்சரிச்சுக் கொண்டிருந்தன். சின்னம்மாதான் பால் கணக்குக் கொப்பியைக் கொண்டு வந்தா. பால் எடுக்க வாற பெடியன் ஒவ்வொரு நாளும் எத்தனை லீற்றர் எண்டு எழுதி கையெழுத்து வைக்கிற கொப்பி, நாலு வருஷத்துக் கொப்பி, மாட்டுக் கொட்டில் வளையில செருகி வச்சு ஓரம் எல்லாம் சாணிக் கறை. மாரியில லீற்றர் ஏறுது, கோடையில இறங்குது, தரவையில புல்லு வாற மாசமும் பால் ஏறுற மாசமும் ஒண்டு. ஒன்பது வீட்டுக் கொப்பி சேர்ந்துது. இதைவிட நல்ல சாட்சி எங்க தேடுறது?

5. லெட்டர்: ஒரு பக்கம், ஒரு இடம், ஒரு கோரிக்கை

என்ட முதல் லெட்டர் நாலு பக்கம். முப்பாட்டன் கிணறு வெட்டினதில தொடங்கி இடம்பெயர்ந்து திரும்பி வந்தது வரைக்கும் எழுதினன், எழுதி முடிய எனக்கே கண் கலங்கிட்டுது. படம் இலக்கம் எழுத மறந்துபோனன். அதைவிட, திட்டம் "முழுக்க ரத்துச் செய்ய வேணும்" எண்டு முடிச்சிருந்தன். திட்டமிடல் பக்கம் வேலை செய்த ஒரு அண்ணா, இப்ப ரிட்டயர், அதை வாசிச்சிட்டு ஒரு சொல்லுத்தான் சொன்னவர்: "இதை நான் எந்தப் பெட்டியில போடுறது?" வாற கருத்துகளை ஒரு அட்டவணை மாதிரி போடுவினமாம், எந்த வலயம், எந்தப் பக்கம், என்ன கேட்டது, என்ன முடிவு எண்டு. என்ட லெட்டரில அட்டவணையில போட ஒரு வரி கூட இல்ல.

அவர் சொல்லித் தந்தபடி ரெண்டாவது தரம் எழுதினது இப்படி. ஊர் பேரை எடுத்திட்டுப் போடுறன், நீங்கள் அப்படியே பாவிக்கலாம்:

"விடயம்: அபிவிருத்தித் திட்ட வரைபு, படம் இலக்கம் …, … வலயம் தொடர்பான கருத்து.

நான் … கிராம சேவகர் பிரிவைச் சேர்ந்தவர். படத்தில் … வலயம் எனக் காட்டப்பட்டுள்ள, வடக்கே அம்மன் கோயில் வீதியும் கிழக்கே கேணியும், தெற்கே …, மேற்கே … ஆகியனவும் எல்லையாக உள்ள நிலம் தற்போது ஒன்பது குடும்பங்களின் கால்நடைகளுக்கு மேய்ச்சல் தரையாகப் பயன்படுகிறது. மாரி காலத்தில் மழைநீர் இங்கே தேங்கி நிலத்துக்குள் இறங்குகிறது. அருகிலுள்ள குடிநீர்க் கிணறுகள் அதையே நம்பியுள்ளன.

ஆகவே இந்நிலத்தை … வலயத்திலிருந்து நீக்கி விவசாய அல்லது பேணல் வலயத்தில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இணைப்பு: 1. … 2. … 3. …"

அவ்வளவுதான். ரெண்டு விஷயம் இருந்தா ரெண்டு லெட்டர். ஒழுங்கைக்கு நாங்கள் தனியா எழுதினம்.

இதுல சில கண்ணிகள் இருக்கு.

அளவு. ஊர்ல பெரியாக்கள் பரப்புக் கணக்குத்தான் சொல்லுவினம். பத்தரமுல்லையில இருக்கிற ஆளுக்கு பரப்பு எண்டா என்னெண்டே விளங்காது. 1 பரப்பு 10 பேர்ச், 16 பரப்பு 1 ஏக்கர், 1 ஹெக்டேயர் கிட்டத்தட்ட 2.47 ஏக்கர். பரப்பில எழுதினா பக்கத்தில பேர்ச்சும் எழுதுங்கோ. 

இடத்தின்ட பேர். "புளியடி வளவுக்கு பின்பக்கம்" எண்டு எழுதினா உங்கட சனத்துக்கு மட்டும்தான் விளங்கும். நாலு எல்லையும் எழுதுங்கோ, உறுதியில எழுதுற மாதிரி.

பாஷை. தமிழ்ல எழுதுறது உங்கட உரிமை, அரசியலமைப்பின்ட நாலாம் அத்தியாயத்தில இருக்கு, தமிழில தந்தா எடுக்க மாட்டம் எண்டு ஒருத்தரும் சொல்ல ஏலாது. அப்படிச் சொன்னா ராஜகிரியவில அரச கருமமொழிகள் ஆணைக்குழு இருக்கு, அதே 177 பஸ் ரோட்டுத்தான். ஆனா உரிமை வேற காரியம் வேற எண்டு நான் நினைக்கிறன். மொழிபெயர்ப்புக்குப் போற லெட்டர் எப்ப திரும்பி வரும் எண்டு ஆருக்கும் தெரியாது, அதால தமிழ் லெட்டருக்குப் பின்னால அஞ்சு வரியில சிங்களத்திலயோ இங்கிலீஷிலயோ சுருக்கம் ஒண்டை குத்திவிட்டன். எனக்கு கடையில வேலை செய்யுற தங்கச்சி ஒராள் சிங்களத்தில எழுதித் தந்தவ, ஒரு பிளேன்டியோட முடிஞ்ச அலுவல்.

ஒரே லெட்டரை போட்டோக் கொப்பி அடிச்சு 200 பேரிட்ட கையெழுத்து வாங்குறது. இதை செய்ய வேணாம் எண்டு சொல்ல மாட்டன், ஆனா அது அட்டவணையில ஒரு வரியாப் போகும். ஒன்பது வீடு ஒன்பது லெட்டர், ஒவ்வொண்டிலயும் தங்கட மாடு, தங்கட கிணறு எண்டு எழுதினா அது ஒன்பது வரி. நாங்கள் ரெண்டும் செய்தம்.

6. குடுக்கிற முறை

நோட்டீஸில போட்டிருக்கிற ஒபிஸில கையில கொண்டுபோய் குடுக்கிறது தான் நல்லது. லெட்டர் ரெண்டு கொப்பி, ஒண்டைக் குடுத்து மற்றதில திகதி சீல் அடிச்சு வாங்குங்கோ. சீல் இல்லாட்டி நீங்கள் குடுக்கவே இல்ல எண்டு வச்சுக்கொள்ளுங்கோ. நான் ஒரு இடத்தில குடுக்கேக்க "வச்சிட்டுப் போங்கோ" எண்டிச்சினம், நானும் மரியாதைக்கு வச்சிட்டு வந்திட்டன். ரெண்டு கிழமை கழிச்சு அது அங்க இல்ல. பெட்டியில இல்ல, புத்தகத்தில பதிவில்ல. அதனாலதான் கடைசி நாள் ஓட வேண்டி வந்தது.

நேர்ல போக ஏலாட்டி பதிவுத் தபால், ரசீதை போட்டோ எடுத்து வையுங்கோ. சாதாரண தபால் வேணாம். ஈமெயிலும் அனுப்புங்கோ, ஆனா ஈமெயிலை மட்டும் நம்பி இருக்காதீங்கோ. கடித உறையில "அபிவிருத்தித் திட்ட வரைபு, பொதுமக்கள் கருத்து" எண்டு பெரிசா எழுதுங்கோ. ஒரு பிரதி பிரதேச சபைச் செயலாளருக்கும் இன்னொண்டு பிரதேச செயலாளருக்கும். திட்டத்தை பிறகு ஊர்ல நடைமுறைப்படுத்துறது பிரதேச சபைதான், அவைக்கு தெரியாம இருக்கக் கூடாது. உங்கட வட்டார மெம்பருக்கும் ஒரு கொப்பியைக் குடுங்கோ, அவர் வாசிப்பாரோ தெரியாது, ஆனா குடுக்காட்டி "என்னட்ட ஒருத்தரும் சொல்லேல்ல" எண்டு பிறகு சொல்லுவார்.

7. கூட்டத்தில பேசுறதெண்டா

கூட்டம் வைப்பினம் எண்டு நிச்சயமில்ல, வச்சா கட்டாயம் போங்கோ. சுற்றாடல் அறிக்கை விஷயத்தில எழுத்தில கருத்து குடுத்த ஆக்களை, பொதுநலன் கருதி நேர்ல கூப்பிட்டுக் கேக்க சட்டத்தில இடம் இருக்கு, ஆகவே எழுத்தில குடுக்காம கூட்டத்தில பாத்துக்கொள்ளலாம் எண்டு இருக்கிறது விசர்வேலை.

எங்களுக்கு ஊர்ப் பக்கம் ஒரு மண்டபத்தில கூட்டம் வச்சவை. நான் வெள்ளவத்தையில ராத்திரி பஸ் ஏறி விடிய இறங்கி நேர போனன். ஆளுக்கு மூண்டு நிமிஷம். முன்னுக்குப் பேசின மூண்டு பேரும் முதல் ரெண்டு நிமிஷத்தை தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே எண்டு முடிச்சிட்டினம். நீங்கள் வணக்கம், பேர், ஊர், படம் இலக்கம், அவ்வளவோட விஷயத்துக்கு வாங்கோ.

எங்கட பக்கத்தில நான் பேசுறதா இருந்தது. கடைசி நேரம் சின்னம்மாவைப் பேச விட்டம், நல்லதாப் போச்சு. அவ பேசவே இல்ல எண்டு சொல்லலாம். கொப்பியைத் தூக்கிக் காட்டி, "இது மாசி மாசம், இது ஆவணி மாசம், இந்த இடத்தை எடுத்தா இந்தக் கொப்பி இல்ல" எண்டு சொல்லிட்டு இருந்திட்டா. முன்னால இருந்த திட்டமிடல் உத்தியோகத்தர் பிள்ளை எழும்பி வந்து அந்தப் பக்கத்தை போன்ல போட்டோ எடுத்தவ. 

வரவுப் புத்தகத்தில பேர் எழுதி கையெழுத்து வைக்க மறக்காதீங்கோ. கூட்டம் முடிய, கூட்டறிக்கை எப்ப வரும், ஆரிட்ட கேக்கிறது எண்டு பேரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கோ. வாயால சொன்னது கூட்டறிக்கையில ஏறாட்டி காத்தோட போயிடும், அதால பேசினதையே எழுத்திலயும் அங்கயே குடுத்தம்.

8. பதில் வராட்டி

அனேகமா வராது. ஒரு மாசம் பாத்திட்டு 2016ம் ஆண்டு 12ம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில ஒரு விண்ணப்பம் போடுங்கோ. அந்த ஒபிஸ்லயே தகவல் அலுவலர் எண்டு ஒருத்தர் இருப்பார், அவருக்கு. ஏன் கேக்கிறீங்கள் எண்டு காரணம் சொல்லத் தேவையில்ல. 14 வேலை நாளுக்குள்ள தருவமா இல்லையா எண்டு முடிவு சொல்ல வேணும். சொல்லாட்டி குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதுவும் சரிவராட்டி தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

கேள்வியை சரியாக் கேளுங்கோ. "எங்கட தரவைக்கு என்ன நடந்தது" எண்டு கேட்டா "பரிசீலனையில் உள்ளது" எண்டு ஒரு வரி வரும். "இன்ன திகதியில நான் குடுத்த கடிதம் தொடர்பா எடுத்த தீர்மானம் உள்ள ஆவணத்தின்ட பிரதி" எண்டு கேளுங்கோ. "கிடைத்த பொதுமக்கள் கருத்துகளின்ட அட்டவணைப் பிரதி" எண்டு கேளுங்கோ. முதல் நாலு பக்கம் இலவசம், அதுக்கு மேல பக்கத்துக்கு சில ரூபா.

9. செலவும் நேரமும்

பெரிய செலவு லீவுதான். நான் அஞ்சு அரைநாள் லீவு, ஒரு முழு நாள். ஒழுங்காச் செய்தா ரெண்டு அரைநாளில முடிஞ்சிருக்கும். மிச்சம் பஸ் காசு, கலர் பிரிண்ட், போட்டோக் கொப்பி, பதிவுத் தபால், ஊருக்குப் போய்வர ராத்திரி பஸ் டிக்கட். மேப்பை ஏ3ல கலர் பிரிண்ட் எடுக்கிறதில மட்டும் மிச்சம் பிடிக்காதீங்கோ, கறுப்பு வெள்ளையில எடுத்தா விவசாயமும் கலப்பும் ஒரே சாம்பல். கையெழுத்து வாங்கித் தாறன், உள்ளுக்கு ஆள் இருக்கு எண்டு சொல்லி காசு கேட்ட ஒருத்தர் எங்களுக்கும் வந்தவர், 15,000 கேட்டவர். இதுல காசு குடுக்க ஒரு இடமும் இல்ல, குடுக்காதீங்கோ.

நாங்கள் விண்ணப்பம் போட்டு எடுத்த அட்டவணையில எங்கட ஒன்பது வரியும் இருந்தது. ஒழுங்கை பழைய அகலத்திலயே விடுறதுக்கு "ஏற்றுக்கொள்ளப்பட்டது" எண்டு போட்டிருக்கு. தரவைக்கு நேர "மேலதிக கள ஆய்வு" எண்டு போட்டிருக்கு. கள ஆய்வுக்கு ஆக்கள் எப்ப வருவினம் எண்டு தெரியாது, ஆனா கொப்பி ஒன்பதையும் சின்னம்மா பொலித்தீன் பையில சுத்தி, இந்த முறை வீட்டுக்குள்ள அலுமாரியில வச்சிருக்கிறா.